வானவில் ட்ரவுட் ஏன் பசிபிக் சால்மன்களின் பேரினத்தில் இருக்கிறது? ட்ரவுட், சால்மன் வகைப்பாடு குறித்து ஒரு கேள்வி

கேள்வி

சால்மன், ட்ரவுட் மீன்களின் அறிவியல் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தபோது, வழக்குப் பெயர்களுக்கும் அறிவியல் பெயர்களுக்கும் இடையே ஒரு முரண் இருப்பதைக் கவனித்தேன். அட்லாண்டிக் சால்மன் சால்மோ சாலர் என்றும் பழுப்பு ட்ரவுட் சால்மோ ட்ரூட்டா என்றும் ஒரே பேரினத்தில் இடம்பெறுகின்றன. வானவில் ட்ரவுட்டோ பழுப்பு ட்ரவுட்டுடன் சேராமல், சாக்கை, சினூக், கோஹோ முதலிய பசிபிக் சால்மன்கள் அடங்கிய ஆன்கோரிங்கஸ் பேரினத்தில் இருக்கிறது. ப்ரூக் ட்ரவுட் எனப்படுவது இவ்விரண்டிலும் இல்லை; அது சால்வெலினஸ் என்னும் மூன்றாவது பேரினத்தைச் சேர்ந்தது என்கிறார்கள்.

1980களுக்கு முன் அச்சான நூல்களில் வானவில் ட்ரவுட்டின் பெயர் சால்மோ கெய்ர்ட்னெரி என்று இருக்கிறது. இன்றைய நூல்களில் அது ஆன்கோரிங்கஸ் மைகிஸ் ஆகியிருக்கிறது. புதிய உறவு கண்டறியப்பட்டதால் பேரினப் பெயர் மாறியது என்று வைத்துக்கொண்டாலும், சிற்றினப் பெயரும் ஏன் மாற வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. மேலும், கடலுக்குச் சென்று திரும்பும் ஸ்டீல்ஹெட் மீனும், ஆற்றைவிட்டே நீங்காத வானவில் ட்ரவுட்டும் ஒரே சிற்றினம் என்று படித்தேன். அளவிலும் நிறத்திலும் வாழ்க்கை முறையிலும் இத்தனை வேறுபாடு கொண்ட இரண்டு மீன்கள் ஒன்றாகவும், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் வேறு சில மீன்கள் தனித்தனியாகவும் கொள்ளப்படுவது எந்த அடிப்படையில்? இத்துறையில் பயிற்சி உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

உங்கள் கேள்வியில் இரண்டு வேறு செயல்கள் கலந்திருக்கின்றன. எந்த மீன் எந்த மீனுக்கு உறவு என்று கண்டறிவது ஒன்று. அப்படிக் கண்டறிந்த தொகுதிக்கு எந்தப் பெயரை வழங்குவது என்று முடிவுசெய்வது மற்றொன்று. முன்னது உயிரியல், பின்னது ஏறக்குறையச் சட்டம். வானவில் ட்ரவுட்டின் வரலாற்றில் இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததால்தான் அதன் பெயர் முழுவதும் மாறியது.

முதலில் உறவைப் பார்ப்போம். ட்ரவுட் என்பதும் சால்மன் என்பதும் மீன்பிடிப்பவர்களும் குடியேறிகளும் வழங்கிய பெயர்கள். ஐரோப்பாவில் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் பெரிய மீன் சால்மன் எனவும், ஆற்றில் வாழும் புள்ளி மீன் ட்ரவுட் எனவும் அழைக்கப்பட்டன. அங்கிருந்து வட அமெரிக்காவுக்குச் சென்றவர்கள், அங்கே கண்ட மீன்களில் தாயக மீன்களை ஒத்தவற்றுக்கு அதே பெயர்களைச் சூட்டினார்கள். ஆகவே இப்பெயர்கள் தோற்றத்தையும் பழக்கத்தையும் குறிக்குமே தவிர, மரபுவழியைக் குறிப்பதில்லை. ப்ரூக் ட்ரவுட், லேக் ட்ரவுட், புல் ட்ரவுட் ஆகிய மூன்றும் சார் எனப்படும் மீன் கூட்டத்தைச் சேர்ந்தவை. சார் மீன்களின் உடலில் கருமையான பின்புலத்தில் வெளிர்புள்ளிகள் இருக்கும். சால்மோ, ஆன்கோரிங்கஸ் மீன்களில் வெளிர்ந்த பின்புலத்தில் கரும்புள்ளிகள் இருக்கும். இதைவிட உறுதியான அடையாளம் வாயின் மேற்புறத்தில் உள்ள வோமர் எலும்பில் இருக்கிறது. சார் மீன்களில் அவ்வெலும்பின் முன்பகுதியில் மட்டுமே பற்கள் முளைக்கும்; பழுப்பு ட்ரவுட்டிலும் வானவில் ட்ரவுட்டிலும் அதன் தண்டுப் பகுதியிலும் பற்கள் தொடரும்.

1758இல் லின்னேயஸ் பெயரிட்டபோது இம்மீன்கள் பெரும்பாலும் சால்மோ என்னும் ஒரே பேரினத்தில் அடங்கின. பசிபிக் சால்மன்களுக்கெனத் தனிப் பேரினத்தை, ஜார்ஜ் சக்லி 1861இல் ஆன்கோரிங்கஸ் என்ற பெயரில் ஏற்படுத்தினார். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனின் தாடை கொக்கிபோல் வளைவது, ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துபோவது, குதத் துடுப்பில் 13 அல்லது அதற்கு மேற்பட்ட கதிர்கள் இருப்பது ஆகியவை அவற்றைப் பிரித்துக் காட்டும் பண்புகளாகக் கொள்ளப்பட்டன. வானவில் ட்ரவுட்டும், அதன் உறவான மேற்கு வட அமெரிக்கக் கட்த்ரோட் ட்ரவுட்டும் பலமுறை முட்டையிடக்கூடியவை, அவற்றின் குதத் துடுப்பில் கதிர்கள் குறைவு என்பதால் அவை சால்மோவிலேயே விடப்பட்டன.

இங்கேதான் பிழை புகுந்தது. ஒருமுறை முட்டையிட்டு இறப்பது பசிபிக் சால்மன்களிடம் பிற்காலத்தில் தோன்றிய புதிய பண்பு. பலமுறை முட்டையிடுவது எல்லோருக்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்த பழைய பண்பு. பழைய பண்பைப் பலர் தக்கவைத்திருப்பது அவர்களுக்குள் நெருங்கிய உறவு உண்டு என்பதற்குச் சான்றாகாது. புதிதாகத் தோன்றிய பண்பைப் பகிர்ந்துகொள்வதே சான்றாகும். எலும்பமைப்பு, புரதங்கள், குரோமோசோம்கள், பின்னர் டிஎன்ஏ என எந்த வழியில் ஆராய்ந்தாலும், பசிபிக் கரையைச் சேர்ந்த ட்ரவுட்கள் பசிபிக் சால்மன்களுக்கே நெருக்கமானவை என்ற முடிவுதான் வந்தது. அவற்றை சால்மோவிலேயே வைத்திருப்பது, உடன்பிறந்தவனை வெளியே நிறுத்திவிட்டுத் தூரத்து உறவினனைச் சேர்த்து ஒரு குடும்பம் என்று எழுதுவதற்கு ஒப்பாகும். ஜெரால்ட் ஸ்மித், ரால்ஃப் ஸ்டியர்லி இருவரும் இச்சான்றுகளைத் தொகுத்து 1989இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின், வானவில் ட்ரவுட்டும் அதன் உறவுகளும் ஆன்கோரிங்கஸுக்கு மாற்றப்பட்டன. அமெரிக்க மீன்வளச் சங்கத்தின் பெயர்க் குழுவும் அதை ஏற்றது.

இப்போது சிற்றினப் பெயருக்கு வருவோம். ஒரு விலங்குக்குப் பல பெயர்கள் சூட்டப்பட்டிருந்தால், 1758க்குப் பின் முறையாக வெளியான பெயர்களுள் மூத்ததே பொதுவாகச் செல்லும் என்பது விலங்கியல் பெயரீட்டு விதி. லூபெக் நகரத்து மருத்துவரான வால்பாம் 1792இல் ரஷ்யாவின் தூரக்கிழக்குத் தீபகற்பமான காம்சட்காவின் மீன் ஒன்றுக்கு சால்மோ மைகிஸ் என்று பெயரிட்டார். அவர் காம்சட்காவுக்குச் சென்றவர் அல்லர். அந்நிலத்தை நேரில் ஆராய்ந்த ஸ்டெல்லர், கிராஷெனின்னிகோவ் முதலியோரின் குறிப்புகளிலிருந்து வந்த செய்திகளைக் கொண்டே எழுதினார். நெர்கா, கேட்டா, கிசுட்ச், கோர்புஸ்கா, ட்ஷாவிட்ஷா ஆகிய பசிபிக் சால்மன் பெயர்களும் அவர் அதே முறையில் சூட்டியவையே. பின்னர் 1836இல் ஜான் ரிச்சர்ட்சன், கொலம்பியா ஆற்றில் கிடைத்த மீனுக்கு, அதை அனுப்பிய ஹட்சன் விரிகுடா நிறுவனத்து மருத்துவர் மெரெடித் கெய்ர்ட்னரின் நினைவாக சால்மோ கெய்ர்ட்னெரி என்று பெயரிட்டார். 1855இல் கலிஃபோர்னியாவின் சிற்றோடை மீனுக்கு சால்மோ இரிடியஸ் என்ற பெயர் வந்தது. காம்சட்கா மீனும் அமெரிக்க மீனும் ஒரே சிற்றினம் என்று நிலைநாட்டப்பட்டபோது, 1792ஆம் ஆண்டின் பெயர் 1836ஆம் ஆண்டின் பெயரைத் தானாகவே விலக்கிவிட்டது. இதில் எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை.

பேரினப் பெயரில் மட்டும் ஓரளவு தீர்ப்புக்கு இடம் இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பசிபிக் ட்ரவுட்கள் ஒரு கிளை, பசிபிக் சால்மன்கள் அதன் உடன்பிறந்த கிளை என்றால், இரண்டையும் ஒரே பேரினமாக இணைப்பதும் சரியே. இரண்டு பேரினங்களாக வைப்பதும் சரியே. ரஷ்ய ஆய்வாளர்கள் சிலர் ட்ரவுட் கிளைக்குப் பாராசால்மோ என்ற தனிப் பேரினப் பெயரைப் பயன்படுத்துவது இதனால்தான். அவற்றை சால்மோ என்று மட்டும் இனி அழைக்க முடியாது. அப்பேரினத்தின் வகைமாதிரிச் சிற்றினம் அட்லாண்டிக் சால்மன். சால்மோ என்ற பெயர் எங்கும் நகராமல் அதனுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. என்னைக் கேட்டால் ஆன்கோரிங்கஸே பொருத்தம் என்பேன். ஜப்பானைச் சுற்றி வாழும் மாசு சால்மனில், கடலுக்குப் போகாத ஆண் மீன்கள் சில முட்டையிடும் பருவம் முடிந்த பின்னும் உயிர்வாழ்கின்றன. இப்படி இரு கிளைகளுக்கும் இடைப்பட்டதுபோல் நிற்கும் மீன்கள் இருக்கும்போது, நடுவே பேரின எல்லையை வரைவதில் பயன் குறைவு.

மறுமொழி 2

மேலே உள்ள விளக்கத்தில் ஸ்டீல்ஹெட் பற்றிய பகுதி விடுபட்டிருப்பதால் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்டீல்ஹெட்டும் வானவில் ட்ரவுட்டும் வேறு சிற்றினங்கள் என்றுதான் நெடுங்காலம் நம்பப்பட்டது. ரிச்சர்ட்சன் விவரித்த கெய்ர்ட்னெரி கடலிலிருந்து ஏறிவந்த மீன். இரிடியஸ் ஓடை மீன். கடல் சென்ற மீன் வெள்ளி நிறமும் பேருருவமும் பெற்றுத் திரும்புகிறது, ஆற்றிலேயே தங்கிய மீன் சிறிதாகவும் வண்ணம் மிக்கதாகவும் இருக்கிறது. ஆயினும் ஓர் ஆற்றின் ஸ்டீல்ஹெட், பிற ஆறுகளின் ஸ்டீல்ஹெட்களைவிடத் தன் ஆற்றில் தங்கி வாழும் வானவில் ட்ரவுட்டுக்கே பெரும்பாலும் மரபணு வழியில் நெருக்கமாக இருக்கிறது. கடலுக்குச் செல்லும் வழக்கம் ஒரு தனி வம்சத்தின் அடையாளமாக இருந்திருந்தால், எல்லா ஆறுகளின் ஸ்டீல்ஹெட்களும் ஒரு கிளையாகத் திரண்டிருக்கும், அவ்வாறு திரளவில்லை. ஒரே பெற்றோரின் குஞ்சுகளுள் சில கடலுக்குச் செல்வதும் சில தங்கிவிடுவதும் உண்டு. ஐந்தாம் குரோமோசோமில் உள்ள ஒரு தலைகீழ்த் திருப்பம் (ஒரு துண்டு முன்பின்னாகத் திரும்பி அமைந்திருப்பது) இந்தத் தெரிவோடு வலுவாகத் தொடர்புற்றிருப்பது பல ஆறுகளில் கண்டறியப்பட்டுள்ளது. வளர்ச்சி வேகம், உணவு, நீரின் வெப்பம் ஆகியவையும் சேர்ந்தே அதை முடிவுசெய்கின்றன.

பழுப்பு ட்ரவுட்டிலும் இதே கதைதான். கடல் ட்ரவுட் எனப்படுவது கடலுக்குச் சென்றுவந்த சால்மோ ட்ரூட்டாவே. தெற்கு இந்தியப் பெருங்கடலின் கெர்கெலன் தீவுகளில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விடப்பட்ட பழுப்பு ட்ரவுட்கள், கடல் வழியே நீந்திச் சென்று மனிதர் எவரும் கொண்டுவிடாத ஆறுகளிலும் குடியேறின.

சாக்கை சால்மனும் கொக்கனியும் சற்று வேறுபட்ட வழக்கு. இரண்டும் ஆன்கோரிங்கஸ் நெர்காதான். கொக்கனி ஏரியிலேயே வாழ்நாளை முடிக்கும் வடிவம். இங்கே இரு வடிவங்களும் ஒரே ஏரியில் முட்டையிட்டும் மரபணு வழியில் பிரிந்து நிற்கும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் கொக்கனி ஒரே ஒரு முறை தோன்றிப் பரவிய மீன் அன்று. வெவ்வேறு ஏரிகளில், அந்தந்த இடத்துச் சாக்கை மீன்களிலிருந்து தனித்தனியாகப் பலமுறை தோன்றியது. உலகின் கொக்கனிகளையெல்லாம் திரட்டி ஒரு சிற்றினப் பெயர் கொடுத்தால், அப்பெயர் ஒரு வம்சத்தைக் குறிக்காமல் ஒரு வாழ்க்கை முறையை மட்டுமே குறிக்கும்.

பிங்க் சால்மன் இன்னும் வியப்பானது. அது தவறாமல் இரண்டு ஆண்டுகளில் முதிர்ந்து, முட்டையிட்டு, இறந்துவிடும். அதனால் ஒரே ஆற்றில், ஒரே சரளைப் படுகையில் முட்டையிடும் ஒற்றைப்படை ஆண்டு மீன்களும் இரட்டைப்படை ஆண்டு மீன்களும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. இனக்கலப்பு இல்லாமை மட்டுமே சிற்றினத்துக்கு அடையாளம் என்று எழுத்துக்கு எழுத்தாகக் கொண்டால், ஒரே ஆற்றின் பிங்க் சால்மன்களை இரண்டு சிற்றினங்களாக எண்ண வேண்டியிருக்கும். எவரும் அப்படிச் செய்வதில்லை. அவற்றைப் பிரிப்பது காலம் மட்டுமே. சந்திக்க நேர்ந்தால் கலந்துவிடும் தன்மையை அவை இழக்கவில்லை.

கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி

இருவருக்கும் நன்றி. பேரின மாற்றம் இப்போது தெளிவாகிவிட்டது. பிங்க் சால்மன் எடுத்துக்காட்டு மட்டும் என் ஐயத்தை வேறு திசையில் பெருக்கிவிட்டது. கலக்காதவை தனிச் சிற்றினம் ஆகாமல் போகலாம் என்றால், கலப்பவை தனிச் சிற்றினமாக இருக்கலாமா? கட்த்ரோட் ட்ரவுட்டும் வானவில் ட்ரவுட்டும் கலந்து இனப்பெருக்கம் செய்யக்கூடிய குஞ்சுகளைத் தருகின்றன என்று அறிகிறேன். அப்படியிருந்தும் அவை இரு சிற்றினங்களாகவே உள்ளன. போதாக்குறைக்கு, கட்த்ரோட்டையே அண்மையில் நான்காகப் பிரித்துவிட்டதாகவும் படித்தேன். கலப்பை ஓர் அளவுகோலாகவே இவர்கள் கொள்வதில்லையா?

மறுமொழி 3

கொள்கிறார்கள், ஆனால் கலக்க முடியுமா என்று கேட்பதில்லை. இயற்கையான சூழலில் சேர்ந்து வாழ்ந்தும் தனித்தன்மையைத் தக்கவைத்திருக்கின்றனவா என்று கேட்கிறார்கள். இந்த வேறுபாடு சால்மன் குடும்பத்தில் மிக முக்கியமானது. இக்குடும்பத்தின் மூதாதையில் ஏறத்தாழ 8 முதல் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் மரபணுத் தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டது. அதன் பிறகு குரோமோசோம்கள் இணைந்தும் மாறியும் வந்திருப்பதால், நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே எண்ணிக்கை பெரிதும் வேறுபடுகிறது. பழுப்பு ட்ரவுட்டுக்கு 80 குரோமோசோம்கள். அதே பேரினத்தின் அட்லாண்டிக் சால்மனுக்கு ஐரோப்பாவில் பொதுவாக 58, வட அமெரிக்காவில் 54 அளவில். இத்தனை வேறுபாடு இருந்தும் இவ்விரண்டும் ஆறுகளில் சில வேளைகளில் கலக்கின்றன. கலப்பினக் குஞ்சு ஒன்று பிறந்தது என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கினால், எவரும் கண்ணால் பிரித்தறியக்கூடிய இரண்டு மீன்களுக்கு ஒரே பெயர்தான் இருக்கும்.

கட்த்ரோட், வானவில் ட்ரவுட் இரண்டும் பசிபிக் கரையோர ஆறுகள் பலவற்றில் தொன்றுதொட்டுச் சேர்ந்தே வாழ்கின்றன. கலப்பு அங்கங்கே நிகழ்ந்தாலும், முட்டையிடும் இடத்திலும் காலத்திலும் உள்ள வேறுபாடு அவற்றைப் பெரும்பாலும் தனித்தனியாக வைத்திருக்கிறது. மலைகள் நிறைந்த உள்நாட்டிலோ, பல ஆறுகளில் கட்த்ரோட் மட்டுமே இருந்தது. அங்கே மனிதர்கள் வானவில் ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்ட பின் கலப்பு கட்டுக்கடங்காமல் பரவி, தூய கட்த்ரோட் கூட்டங்கள் பல அழிந்தன. ஆகவே உள்நாட்டில் காணும் கலப்பை வைத்து அவை ஒரே சிற்றினம் என்று வாதிடுவது, நாம் விளைவித்த குழப்பத்தையே இயற்கையின் தீர்ப்பாக எடுத்துக்கொள்வதாகும்.

இனி நான்காகப் பிரித்தது. ராபர்ட் பென்கி தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இம்மேற்கத்திய ட்ரவுட்களுக்கே அளித்தவர். புள்ளிகளின் அமைப்பு, செதில் எண்ணிக்கை, செவுள் முட்கள், ஆற்று வடிநிலங்களின் புவியியல் ஆகியவற்றைக் கொண்டு, ஒரே கட்த்ரோட் சிற்றினத்துக்குள் 14 துணைச்சிற்றினங்களை அவர் வரையறுத்தார். அவை நான்கு பெருங்கிளைகளில் அடங்கின என்பதை அவரே சுட்டிக்காட்டியிருந்தார். கடலோரக் கிளைக்குப் பொதுவாக 68 குரோமோசோம்கள், வெஸ்ட்ஸ்லோப் கிளைக்கு 66, லஹோன்டன் கிளைக்கும் யெல்லோஸ்டோன் கிளைக்கும் 64. பின்னால் வந்த டிஎன்ஏ ஆய்வுகள் இந்நான்கு கிளைகளும் நெடுங்காலத்துக்கு முன்பே பிரிந்துவிட்டன என்பதை உறுதிப்படுத்தின. அதனடிப்படையில், 2023இல் வெளியான வட அமெரிக்க மீன் பெயர்ப் பட்டியல் அவற்றை நான்கு சிற்றினங்களாக ஏற்றது. கடலோர மீன் பழைய ஆன்கோரிங்கஸ் கிளார்கி என்ற பெயரைத் தக்கவைத்துக்கொண்டது. வெஸ்ட்ஸ்லோப் ஆன்கோரிங்கஸ் லூயிசி ஆயிற்று. லஹோன்டன் ஆன்கோரிங்கஸ் ஹென்ஷாவி. யெல்லோஸ்டோன் கிளை உட்பட ராக்கி மலைத்தொடரின் மற்றவை ஆன்கோரிங்கஸ் விர்ஜினாலிஸ். இந்தப் பெயர்களுள் எதுவும் 2023இல் புதிதாகப் புனையப்பட்டதன்று. எல்லாம் 19ஆம் நூற்றாண்டில் முறையாக வெளியாகி, பின்னர் துணைச்சிற்றின நிலையில் இருந்த பெயர்கள். தொகுதியைப் பிரித்தவுடன், மூத்த பெயரே செல்லும் என்ற முந்துரிமை விதிப்படி அவை சிற்றின நிலைக்கு உயர்ந்தன.

பெயர் வெறும் ஏட்டுச் செய்தி என்று நினைப்பவர்கள், கொலராடோவின் க்ரீன்பேக் கட்த்ரோட் வரலாற்றைப் படிக்க வேண்டும். அம்மாநிலத்தின் அதிகாரபூர்வ மீனும், கூட்டாட்சிச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளதுமான இதை மீட்க, பல ஆண்டுகள் குஞ்சுகள் வளர்த்து ஆறுகளில் விட்டார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா மெட்காஃபும் குழுவினரும், 19ஆம் நூற்றாண்டில் பிடித்து அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்பட்ட மீன்களிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுத்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தெற்கு ப்ளாட் ஆற்று வடிநிலத்தின் உண்மையான க்ரீன்பேக்கோடு பொருந்தியது உயிருடன் இருந்த ஒரே ஒரு கூட்டம்தான். அதுவும் அந்த வடிநிலத்தில் இல்லை. பைக்ஸ் சிகரத்தின் அருகே, ஆர்கன்சா வடிநிலத்தைச் சேர்ந்த பேர் க்ரீக் என்னும் சிற்றோடையில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடியேறி ஒருவர் விட்டதன் வழித்தோன்றலாக இருந்தது. க்ரீன்பேக் என்று நம்பி வளர்க்கப்பட்டவற்றுள் பல வேறு கிளையின் மீன்கள். கண்ணாடிக் குடுவையில் நூற்றாண்டுக்கு மேலாகக் கிடந்த ஒரு மீன், எந்த ஓடையைக் காக்க வேண்டும் என்று சொன்னது. வகைமாதிரிகளையும் பழைய சேகரிப்புகளையும் அருங்காட்சியகங்கள் ஏன் காலங்காலமாகக் காக்கின்றன என்று கேட்பவர்களிடம் நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

சிற்றினப் பட்டியலையே முழுதும் நம்பியிருந்தால் இழக்க நேரிடும் கூட்டங்களும் உண்டு. அதனால்தான் ராபின் வேப்பிள்ஸ் 1991இல், பிற கூட்டங்களிலிருந்து பெருமளவு இனப்பெருக்க வழியில் பிரிந்ததும், சிற்றினத்தின் பரிணாம மரபில் முக்கியமான பங்கு உடையதுமான கூட்டத்தை ஒரு தனி அலகாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். அமெரிக்கச் சட்டத்தின் கீழ் பசிபிக் சால்மன்களைப் பாதுகாப்பது இம்முறையில்தான். கடலிலிருந்து சுமார் 1,450 கி.மீ. தொலைவில் ஐடஹோவின் ரெட்ஃபிஷ் ஏரிக்கு ஏறிவரும் ஸ்னேக் ஆற்றுச் சாக்கை, 1991இல் அழிவின் விளிம்பில் உள்ளதாகப் பட்டியலிடப்பட்டது. 1992இல் அங்கே திரும்பிவந்தது ஒரே ஒரு மீன். அதே ஏரியில் கொக்கனியும் வாழ்கிறது. சிற்றினப் பெயரை மட்டும் பார்த்தால், நெர்கா அங்கே அழியவில்லை என்று கோப்பை மூடியிருக்கலாம். ஏரிக்கரையில் முட்டையிடும் சாக்கையும், ஏரிக்குள் பாயும் ஓடையில் முட்டையிடும் கொக்கனியும் மரபணு வழியில் வேறானவை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.

மறுமொழி 4

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் எல்லாம் வட அமெரிக்க எடுத்துக்காட்டுகளாக இருப்பதால், இக்கேள்வி ஏறத்தாழத் தீர்ந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாகிறது. ஐரோப்பாவின் பழுப்பு ட்ரவுட்டில் இது இன்றும் தீரவில்லை.

லின்னேயஸே பழுப்பு ட்ரவுட்டைப் பல பெயர்களில் விவரித்தார்; ட்ரூட்டா, ஆற்று மீனான ஃபாரியோ, ஏரி மீனான லகுஸ்ட்ரிஸ் ஆகியவை அவற்றுள் சில. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஆல்பர்ட் குந்தர் 1866இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வாழும் ட்ரவுட்களை மட்டுமே பல சிற்றினங்களாகப் பிரித்தார். அதே அருங்காட்சியகத்தின் டேட் ரீகன் 1911இல் அவற்றையெல்லாம் ஒரே சால்மோ ட்ரூட்டாவுக்குள் அடக்கினார். வேறுபாடுகள் சூழலால் விளைபவை என்பது அவருடைய காலத்தின் முடிவு. அம்முடிவே ஏறத்தாழ நூறாண்டுகள் நிலைத்தது.

அயர்லாந்துக் குடியரசுக்கும் வட அயர்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லையில் உள்ள மெல்வின் ஏரி அம்முடிவை அசைத்துப் பார்க்கிறது. அங்கே மூவகை ட்ரவுட்கள் வாழ்கின்றன. கில்லரூ அடித்தளத்து நத்தைகளை உண்ணும். அதற்கேற்ப இரைப்பைச் சுவர் தடித்திருக்கும். சோனகன் திறந்த நீரில் நுண்ணிய மிதவை உயிர்களை உண்ணும். ஃபெராக்ஸ் பிற மீன்களை வேட்டையாடி, நெடுநாள் வாழ்ந்து, பெரிதாக வளரும். உணவு மாறினால் உருவம் மாறும் என்று மட்டும் இதை விளக்கிவிட முடியாது. ஆண்ட்ரூ ஃபெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் 1980களிலிருந்து நடத்திய மரபணு ஆய்வுகள், இம்மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் இருப்பதைக் காட்டின. கில்லரூ ஏரியிலிருந்து வெளியேறும் ஆற்றிலும், சோனகனும் ஃபெராக்ஸும் ஏரிக்குள் வந்து சேரும் வெவ்வேறு ஆறுகளிலும் முட்டையிடுகின்றன. பிறந்த இடத்துக்கே திரும்பும் இயல்பு அவற்றைப் பிரித்தே வைத்திருக்கிறது. மறுமொழி 3இல் கூறிய அளவுகோல்படி, ஒரே நீர்நிலையில் இயற்கையாகச் சேர்ந்து வாழ்ந்தும் தனித்தன்மை காக்கும் இவை மூன்று சிற்றினங்களாகவே கொள்ளப்பட வேண்டும். குந்தர் 1866இல் சூட்டிய சால்மோ ஸ்டோமாகிகஸ், சால்மோ நிக்ரிபின்னிஸ் ஆகிய பெயர்களும் கில்லரூவுக்கும் சோனகனுக்கும் ஆயத்தமாகவே இருக்கின்றன. மாரிஸ் கொட்டெலாட்டும் யோர்க் ஃப்ரைஹாஃபும் 2007இல் வெளியிட்ட ஐரோப்பிய நன்னீர் மீன் கையேடு அப்பெயர்களை மீண்டும் ஏற்றது. ஆயினும் மீன்வள அலுவலர்கள் பலரும் மரபணு ஆய்வாளர்கள் பலரும் இன்றும் சால்மோ ட்ரூட்டா என்றே எழுதுகிறார்கள்.

தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவைக் கொண்டு லூயி பெர்னாட்செஸ் முதலியோர் பழுப்பு ட்ரவுட்டில் அட்லாண்டிக், டான்யூப், மத்தியதரைக் கடல், ஏட்ரியாட்டிக், மார்மொராட்டஸ் என ஐந்து பெருங்கிளைகளைக் கண்டனர். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியில் மட்டுமே வருவது. என்றோ ஒரு காலத்தில் ஒரு கிளையின் பெண் மீன் வேறொரு கிளையோடு கலந்திருந்தால், உடல் முழுவதும் ஒரு வம்சமாகவும் மைட்டோகாண்ட்ரியா மட்டும் வேறொரு வம்சமாகவும் அமைந்துவிடும். பனியுகங்களில் ட்ரவுட்கள் தெற்கே ஒதுங்குவதும், பனி விலகிய பின் பரவுவதும், பரவும்போது கலப்பதும் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கின்றன. ஆகவே ஐந்து கிளைகளை அப்படியே ஐந்து சிற்றினங்களாக அறிவித்தால், உட்கருவின் மரபணுக்கள் அதற்கு இசையாத இடங்கள் பல வரும். ஸ்லோவேனியா, இத்தாலி நாடுகளின் சோச்சா ஆற்றில் வாழும் பளிங்கு ட்ரவுட்டை, அதன் தோலில் ஓடும் வரிக்கோலத்தைக் கண்டே சால்மோ மார்மொராட்டஸ் என்று பெரும்பாலோர் தனிச் சிற்றினமாக ஏற்கிறார்கள். அதுவும், கொண்டுவந்து விடப்பட்ட பழுப்பு ட்ரவுட்டோடு தடையின்றிக் கலந்து, தூய வடிவில் எட்டாத உயரத்து ஓடைகளில் மட்டுமே எஞ்சியிருந்தது.

என் நிலைப்பாடு இது: மெல்வின் ஏரியின் மூன்றையும் தனிச் சிற்றினங்களாக எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை, ஏனெனில் அவை ஒரே நீரில் சோதிக்கப்பட்டு நிற்கின்றன. ஃபெராக்ஸ் என்ற பெயரை மட்டும் மெல்வின் ஏரிக்கு வெளியே நீட்டுவதை நான் ஏற்கவில்லை. ஸ்காட்லாந்திலும் பிற இடங்களிலும் மீன் உண்டு பெரிதாகும் ட்ரவுட்களையெல்லாம் ஃபெராக்ஸ் என்கிறார்கள். அவை ஒரே வம்சம் என்று ஏரிக்கு ஏரி நிறுவப்படாத வரையில், கொக்கனிக்கு மேலே சொல்லப்பட்ட தடை இதற்கும் பொருந்தும்.

மறுமொழி 1 எழுதியவரின் சேர்ப்பு

மெல்வின் ஏரி பற்றிய கருத்தில் எனக்கு மறுப்பு இல்லை. பெயர் விதிகள் எத்தனை சிற்றினங்கள் இருக்கின்றன என்று ஒருபோதும் சொல்வதில்லை என்பதை மட்டும் நினைவூட்ட விரும்புகிறேன். பிரிப்பதா இணைப்பதா என்பது ஆய்வாளரின் பொறுப்பு. பிரித்தால் எந்தப் பெயர், இணைத்தால் எந்தப் பெயர் என்பதை மட்டுமே விதி சொல்லும்.

கேள்வி கேட்டவருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. பெயருக்குப் பின் வரும் ஆசிரியர் பெயரில் அடைப்புக்குறி இருக்கிறதா என்று கவனியுங்கள். சால்மோ சாலர் லின்னேயஸ், 1758 என்பதில் அடைப்புக்குறி இல்லை, ஏனெனில் அம்மீன் முதலில் வைக்கப்பட்ட பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது. ஆன்கோரிங்கஸ் மைகிஸ் (வால்பாம், 1792) என்பதில் அடைப்புக்குறி இருப்பது, வால்பாம் அதை வேறொரு பேரினத்தில் வைத்தார் என்பதைத் தெரிவிக்கிறது. 1989க்கு முற்பட்ட ஆய்வுகளைத் தேடும்போது சால்மோ கெய்ர்ட்னெரி, சால்மோ இரிடியஸ் இரண்டையும் தேடுங்கள். கட்த்ரோட்டுக்குப் பழைய பேரினம் சால்மோவையும் சேர்த்துத் தேட வேண்டும். அதன் சிற்றினப் பெயரான கிளார்கியின் ஈற்றில், லத்தீன் எழுத்தில் ஓர் இகரம் உள்ள எழுத்துக்கூட்டலும் (clarki) இரண்டு இகரம் உள்ள எழுத்துக்கூட்டலும் (clarkii) கட்டுரைகளில் கிடைக்கும். ரிச்சர்ட்சன் 1836இல் எழுதியது இரண்டு இகரம் உள்ள வடிவம். இன்று அதுவே செல்லும். 2023க்கு முற்பட்ட கட்டுரை ஒன்றில் கிளார்கி என்று மட்டும் இருந்தால், அது நான்கு கிளைகளுள் எதைக் குறிக்கிறது என்பதை மீன் பிடிக்கப்பட்ட ஆற்றின் பெயரைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.